வெந்த மண் பொட்டலம்

ஆய்வகத்தில் நான் வேலை பார்த்த மேசையில் இப்போது ஜெயந்தி உட்காருகிறாள். போன மாதம் ஒரு மத்தியானம் போன் செய்தாள்.

"அக்கா, சாப்பிட்டாச்சா? ஒரு சந்தேகம். பூசணம் போடுத செடிக்குப் பொட்டலம் கட்டுதோம், சரி. போடாத செடிக்கும் எதுக்குக்கா வெந்த மண்ண அதே எடையில, அதே தாள்ல, அதே நூல்ல கட்டணும்? புஸ்தகத்துல காரணம் போட்டிருக்கு, படிச்சேன். ஆனா நம்ம பதிவேட்டுல முதல் பக்கத்துல, 'எவருக்கும் இலை காலியாக இருக்கக் கூடாது'ன்னு பென்சில்ல எழுதியிருக்கே, அது யாரு எழுதினது?"

எழுதியவர் அருணாசலம் சார். எழுத வைத்தவர் பேச்சியம்மாள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் பழைய நாட்குறிப்புகளை இறக்கிவைத்து இதை எழுதுகிறேன்.

தச்சநல்லூரிலிருந்து காலை எட்டேகாலுக்குக் கிளம்பினால் ஒன்பதுக்குள் ஆய்வகத்தில் இருப்பேன். சேர்ந்த முதல் ஆறு மாதம் கண்ணாடிச் சாமான் கழுவினேன். அடுத்த ஆறு மாதம் சீட்டு எழுதி ஒட்டினேன். அதற்குப் பிறகுதான் நுண்ணோக்கியைத் தொட விட்டார்கள். எங்கள் பிரிவின் வேலை நூற்புழு. பயிரின் வேருக்குள் நுழைந்து முடிச்சு முடிச்சாக வீங்க வைக்கும் புழு, கண்ணுக்குத் தெரியாது. வெற்றிலைக்கொடி, வாழை, கத்தரி, தக்காளி எதையும் அது விடுவதில்லை.

அருணாசலம் சார் பிரிவுக்குத் தலைவர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில், ஒன்று எழுத, ஒன்று சுழிக்க. என் குறிப்பில் 'சுமார்' என்ற சொல் எங்கே வந்தாலும் அதைச் சுழித்துத் திருப்பி அனுப்புவார். வேறு எதுவும் சொல்ல மாட்டார். நான் போய் மறுபடி எண்ணிவிட்டு வர வேண்டும். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கண்ணாடி எவ்வளவு நேரம் கையில் இருக்கிறதோ அவ்வளவு கோபம்.

தொண்ணூறுகளின் நடுவில் அவருக்கு ஒரு பூசணத்தின் மேல் நம்பிக்கை வந்திருந்தது. வேருக்குள் குடியிருக்கும் நல்ல பூசணம். மண்ணிலிருக்கும் சத்தைச் செடிக்குக் கொண்டுவந்து கொடுக்கும். பதிலுக்குச் செடியிடம் கொஞ்சம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். அது வேரில் முதலில் குடியேறிவிட்டால் நூற்புழுவுக்கு அங்கே பாடு திண்டாட்டம் என்று சார் சொல்வார். நான் எப்படி என்று கேட்டேன்.

"நீங்க பஸ்ஸுல வாரீங்கல்லா கோமதியம்மா? ஜன்னல் வழியா ஒருத்தன் துண்டு போட்டுட்டா அந்த சீட்டு அவனுக்கு. பூசணம் வேருல துண்டு போடுது. அது மட்டுமில்ல, நல்ல ஆள் வந்து தங்கியிருக்கற வீட்டுல கதவு தாழ்ப்பா எல்லாம் சரிபண்ணி வச்சிருப்பாங்க. செடியும் அப்படித்தான், உஷாராயிரும். ஆனா ஒண்ணு. பூசணம் முந்தி வரணும். புழு உள்ள வந்து உக்காந்த பொறவு துண்டு போட்டுப் பிரயோசனம் இல்ல. இது விஷமும் இல்ல. புழுவக் கொல்லாது."

இந்தச் சமயத்தில்தான் ஏரல் பக்கத்திலிருந்து சுடலைமுத்து வந்தார். ஈரச் சாக்கில் ஒரு வெற்றிலைக்கொடியை வேரோடு சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். இலை மஞ்சளித்துச் சுருங்கியிருந்தது. சாக்கைப் பிரித்தபோது வேரில் மிளகுமணிபோல் வரிசையாக முடிச்சு.

சுடலைமுத்துவும் அவர் மனைவி பேச்சியம்மாளும் ஏரலில் ஒருவருடைய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கொடிக்கால் போட்டிருந்தார்கள். அகத்தி மரங்களை வரிசையாக வளர்த்து, அவற்றில் வெற்றிலைக்கொடியை ஏற்றிக் கட்டும் தோட்டம். இரண்டு முறை நட்டு இரண்டு முறையும் கொடி கருகிவிட்டது. நிலத்துக்காரர் சங்கரலிங்கம் அண்ணாச்சி, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார், முடிவாகச் சொல்லிவிட்டார்: இன்னும் ஒரே ஒரு தடவை. அதுவும் கருகினால் நிலத்தைத் தானே எடுத்து வாழை வைத்துக்கொள்வார்.

"எங்களுக்குக் கொடி வேல தவிர ஒண்ணும் தெரியாதுய்யா," என்றார் சுடலைமுத்து. "நெலம் போச்சுன்னா திருப்பூருக்குத்தான் போணும். அவ இருக்காளே, பத்து நாள் கொடியப் பாக்காம இருந்தா காய்ச்சல் வந்துரும் அவளுக்கு."

சார் அடுத்த வாரமே போய் மண்ணைப் பார்த்தார். அங்கேயே சோதனை வைப்பது என்று முடிவாயிற்று. பன்னிரண்டு வரிசை. ஒரு வரிசைக்குப் பூசணம், அடுத்ததற்கு ஒன்றும் இல்லை. இப்படி ஒன்று விட்டு ஒன்று. சங்கரலிங்கம் அண்ணாச்சி ஒப்புக்கொண்டு ஒரு நிபந்தனையும் போட்டார். தை பிறப்பதற்குள் இந்த மண்ணில் கொடி நிற்குமா நிற்காதா என்று ஆபீசிலிருந்து எழுதித் தர வேண்டும். அதைப் பார்த்துத்தான் குத்தகை.

பூசணத்தைத் தயார் செய்தது நான். அது தனியாகக் கண்ணாடிக் குடுவையில் வளராது. உயிருள்ள வேர் வேண்டும். மணலும் மண்ணும் கலந்து டிரம்மில் நீராவியில் இரண்டு நாள் வேகவைத்து, ஆறவிட்டு, தொட்டியில் நிரப்பி, தாய்ப் பூசணம் கொஞ்சம் வைத்து அதன்மேல் மக்காச்சோளம் விதைக்க வேண்டும். மூன்று மாதம் கழித்துத் தண்டை அறுத்துவிட்டு, வேரைப் பொடிப்பொடியாக நறுக்கி மண்ணோடு கலந்தால் அதுதான் மருந்து. அதில் ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் கலக்கி, தெளியவிட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய சல்லடைகளில் ஊற்றுவேன். கடைசிச் சல்லடையில் நிற்பதைக் கோடு போட்ட வடிதாளில் பரப்பி நுண்ணோக்கியில் பார்த்தால், தேன் நிறத்தில் உருண்டை உருண்டையாகப் பூசணத்தின் வித்துகள் தெரியும். அவற்றைக் கோட்டுக்குக் கோடு எண்ணுவேன். ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் மூன்று முறை. அதன்பிறகு எடை போட்டு, செய்தித்தாளில் மடித்து, வெள்ளை நூலால் கட்டினேன். ஒரு குழிக்கு ஒரு பொட்டலம். பூசண வரிசைகளுக்கு மட்டும்.

ஆனி மாதம் நடவு. கொடிக்கால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். சார் காலுறையையும் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். பூசண வரிசைகளின் முனையில் சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை ஊன்றினேன். முதல் குழியில் நானே பொட்டலத்தைப் பிரித்துப் போட்டு, அதன்மேல் கொடித்துண்டை வைத்துக் காட்டினேன். பேச்சியம்மாள் கிட்டக் குனிந்து பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். காதில் பாம்படம் போட்டுக் கழற்றிய பெரிய துளை.

"செவப்புத் துணிக்கு மட்டுந்தானா தாயி?"

"ஆமா. மத்ததுக்கு ஒண்ணும் வேண்டாம். அப்பத்தான் வித்தியாசம் தெரியும்."

"அதுக்கு ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல."

சாருக்கு அன்று உடன்குடியில் இன்னொரு தோட்டம் பார்க்க வேண்டியிருந்தது. பொட்டலக் கூடையை அவர்களிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்: 'மீதிக் குழிகளை அவர்களே போட்டுவிடுவார்கள்.' அந்த வரியைப் பிற்பாடு எத்தனை முறை படித்தேன் என்று எழுதி வைக்கவில்லை.

கார்த்திகை மழை விட்டதும் வேர் எடுத்துவந்தோம். கொடியை வெட்டாமல் ஓரமாகத் தோண்டி ஒவ்வொரு வரிசையிலும் நாலு நாலு கொடியில் சில நூல்வேர்கள் மட்டும். வேரைக் கழுவி, விரற்கணு அளவில் நறுக்கி, காரக்கரைசலில் போட்டு வெந்நீரில் வைத்தால் பழுப்பெல்லாம் இறங்கிக் கண்ணாடிபோல் ஆகும். பிறகு அலசி, லேசான அமிலத்தில் முக்கி, நீலச்சாயம் ஏற்ற வேண்டும். பூசணம் இருந்தால் வேரின் அறைகளுக்குள் நீல நிறத்தில் குட்டிக் குட்டி மரங்கள் கிளை விரித்து நிற்கும். நான் பார்த்ததிலேயே அழகான காட்சி அதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

சிவப்புத் துணி வரிசைகளில் நீல மரங்கள் இருந்தன. முடிச்சு குறைவு. சந்தோஷமாக அடுத்த தட்டை வைத்தேன். ஒன்றும் போடாத வரிசை. அதிலும் நீல மரங்கள். அதிலும் முடிச்சு குறைவு.

சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேனோ? எட்டு வருஷ வேலையில் சீட்டு மாறியதில்லை. பதிவேடு, நாட்குறிப்பு, புட்டிகளின் கழுத்தில் கட்டிய எண் எல்லாவற்றையும் சரிபார்த்தேன். பொருந்தின. மிச்ச வேரை மறுபடி சாயமேற்றினேன். அதே முடிவு.

சாரிடம் போனேன். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நம்ம மண்ணுல இயற்கையாவே பூசணம் உண்டு," என்றார் கடைசியில். "ஆனா இவ்வளவு இருக்காது. நடவுக்கு முந்தி எடுத்த கணக்கு இருக்குல்லா?"

"இருக்கு சார். ரொம்பக் குறைவு."

"அப்பம் மூணாவது தடவ பாருங்க. புதுசா வேர் எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் யாரையும் தப்பா நினைக்காதீங்க. உங்களையும் சேத்துத்தான்."

மறுநாள் காலை நான் மட்டும் ஏரலுக்குப் போனேன். தை பிறக்க இரண்டு வாரம்தான் இருந்தது. இரண்டு வகை வரிசைக்கும் வித்தியாசமே இல்லை என்றால் பூசணத்தால் பயன் என்று எப்படி எழுதுவது? எழுதாவிட்டால் அண்ணாச்சி வாழை வைப்பார். பஸ்ஸில் முழுக்க இதே நினைப்பு.

பேச்சியம்மாள் ஏணியில் நின்று வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார். கீழே நின்று சுடலைமுத்து வாழைநாரால் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன தாயி, இன்னைக்கும் வேரப் புடுங்கவா வந்திருக்கிய? எங்க கொடிக்கு முடி எறக்காம விடமாட்டிய போல!"

சிரிக்க முடியவில்லை. நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் போடாத வரிசையிலும் பூசணம் இருக்கிறது. என் சீட்டில் தப்பு இருக்க வேண்டும். தப்பு என்னுடையது என்றால் வேலையில் எனக்கு மதிப்பே போய்விடும்.

ஏணியின்மேல் கிள்ளும் சத்தம் நின்றது. பேச்சியம்மாள் பைய இறங்கி வந்தார். மடியிலிருந்த வெற்றிலையைக் கூடையில் வைத்தார்.

"ஒங்க சீட்டுல தப்பு இல்ல தாயி."

"ஏளா, சும்மா இரு," என்றார் சுடலைமுத்து.

"நீரு இரும். அந்தப் பிள்ள தான் செஞ்ச தப்புன்னு நின்னு வாடுது." என் பக்கம் திரும்பினார். "நாந்தான் எல்லாத்துக்கும் போட்டேன். ஒரு பொட்டலத்த ரெண்டாப் பிரிச்சி, ஆளுக்குப் பாதி."

"ஏன் இப்படிச் செஞ்சிய?"

"பந்தியில எல்லாரையும் உக்கார வச்சி எல போட்டாச்சு. ஒருத்தன் எலையில சோறு. பக்கத்து எலையில ஒண்ணுமில்ல. அவன் இவன் எலையப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணும். அப்படி யாராவது பரிமாறுவாங்களா? எங்கையால என்னால முடியல தாயி. ஒரே நாளு, ஒரே வாய்க்காத் தண்ணி, ஒரே கை நட்ட கொடி."

"நான் அன்னைக்கே சொன்னேன், ஆபீஸ்காரங்க கண்டுபிடிச்சிருவாங்கன்னு," என்றார் சுடலைமுத்து. "இவதான் வேருக்குள்ள போயா பாக்கப் போறாங்கன்னு சொன்னா. வேருக்குள்ள போயி பாத்துட்டிய."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பேச்சியம்மாள் சிரிக்கவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு," என்றார். வரிசைகளுக்கு நடுவே கடைசிவரை அழைத்துப் போனார். வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் மூலையில் ஏழு கொடிகள் மஞ்சளித்து, முழங்கால் உயரத்துக்கு மேல் ஏறாமல் நின்றன. "கைக்கணக்குலதான் பிரிச்சேன். கடசியில இந்த ஏழுக்கும் வரல. கேக்க வெக்கமா இருந்துச்சு. தெனம் காலையில இதுக மொகத்துலதான் முழிக்கேன்."

அவற்றின் வேரையும் எடுத்தேன். அன்று மாலையே பார்த்தேன். நீல மரங்கள் அரிதாக எங்கோ ஒன்று. முடிச்சுகள் மட்டும் கொத்துக் கொத்தாக; ஒவ்வொன்றுக்குள்ளும் குட்டிச் சொம்புபோல் உப்பிய புழு.

நடந்ததைச் சாரிடம் ஒரு சொல் விடாமல் சொன்னேன். கண்ணாடி கழற்றப்படும் என்று காத்திருந்தேன். அவர் கழற்றவில்லை. என் நாட்குறிப்பை வாங்கி, 'மீதிக் குழிகளை அவர்களே போட்டுவிடுவார்கள்' என்ற வரியைப் படித்தார். திட்டத்தாளை எடுத்து அதையும் படித்தார்.

"தப்பு திட்டத்துல இருக்கு கோமதியம்மா. அந்த அம்மா கையில இல்ல. எலையப் போட்டுட்டுப் பரிமாறாமப் போனது நான்."

"அந்த ஏழு கொடி இருக்கே சார். அதை வச்சு ஒப்பிடலாமே. வித்தியாசம் அவ்வளவு தெளிவா இருக்கு."

"ஏழும் ஒரே மூலை. கடைமடை. அங்க தண்ணி தேங்கியிருக்கலாம், புழு முதல்லயே ஜாஸ்தி இருந்திருக்கலாம். எனக்குப் பிடிச்ச முடிவுங்கறதுக்காக அது ஆதாரமாயிராது."

"அப்ப அவங்க குத்தகை?"

அவர் அன்றைக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப்போனார்.

மார்கழி முடிய மூன்று நாள் இருக்கும்போது நாங்கள் இருவரும் கடிதத்தோடு ஏரலுக்குப் போனோம். சங்கரலிங்கம் அண்ணாச்சி கொடிக்காலுக்கே வந்திருந்தார். சுடலைமுத்துவும் பேச்சியம்மாளும் தள்ளி நின்றார்கள். அண்ணாச்சி கடிதத்தைப் பரீட்சைத்தாள் திருத்துவதுபோல் ஒருமுறை படித்தார், மறுமுறையும் படித்தார்.

கடிதத்தில் சார் கண்டதை மட்டும் எழுதியிருந்தார். நட்ட கொடிகளில் பெரும்பாலானவை நன்றாக இருக்கின்றன. அவற்றின் வேரில் பூசணம் இருக்கிறது, முடிச்சு குறைவு. ஒரு மூலையில் ஏழு கொடிகளுக்குப் பூசணம் இடப்படவில்லை; அவை நோயுற்றிருக்கின்றன. இதைக்கொண்டு பூசணம்தான் காரணம் என்று சொல்ல இயலாது. சோதனையைத் தான் சரியாக அமைக்கவில்லை என்றும் எழுதியிருந்தார்.

"என்ன வே இது?" என்றார் அண்ணாச்சி. "நிச்சயமா ஒண்ணும் சொல்லலையே."

"ஆமாங்க."

"மருந்து வேல செய்யுதுன்னு ஒரு வரி எழுதியிருந்தா முடிஞ்சு போச்சு. நான் என்ன, வேருக்குள்ளயா போயிப் பாக்கப் போறேன்?"

"நீங்க பாக்க மாட்டீங்க. நாங்க பாத்துட்டோமே."

அண்ணாச்சி கடிதத்தை மடித்தார். வரிசைகளைப் பார்த்தார். அகத்தி உச்சிவரை ஏறியிருந்த கொடியில் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தார்.

"நாப்பது வருசம் பசங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கேன். தெரியாதத தெரியாதுன்னு எழுதினவன விரல் விட்டு எண்ணிரலாம்." சுடலைமுத்துவைக் கூப்பிட்டார். "ஏலே, கொடி நிக்கிற வரைக்கும் நீயே வச்சுக்கோ. பக்கத்துத் துண்டும் தரிசாத்தான கெடக்கு. அதுலயும் ஆனியில போடு. இந்தத் தடவையாவது இவங்களுக்கு ஒழுங்காக் கணக்கு வர மாதிரிச் செய்யி."

சுடலைமுத்து தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேச்சியம்மாள் நேரே சாரிடம் வந்தார்.

"அய்யா, அந்த ஏழுக்கும்?"

"இப்பம் போட்டா பெரும்பாலும் பலன் இருக்காதும்மா. புழு உள்ள போயிட்டு."

"இருந்தாலும்?"

சார் தோள்பையைத் திறந்தார். உள்ளே வெள்ளை நூல் கட்டிய ஏழு பொட்டலங்கள். நான் கட்டியவை அல்ல. முடிச்சு கோணல்மாணலாக இருந்தது. காலுறையைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, சேற்றில் மண்டியிட்டு, கொடி கொடியாக வேரோரம் கிளறி அவரே போட்டார். பதிவேட்டில் அது ஏறவில்லை. என் நாட்குறிப்பில் இருக்கிறது: ஏழில் நான்கு மாசிக்குள் பட்டுப்போயின, மூன்று பிழைத்தன. காரணம் தெரியாது.

அடுத்த ஆனிக்குப் பொட்டலம் கட்டும்போது எல்லாக் குழிக்கும் கட்டினோம். பாதிப் பொட்டலங்களில் உயிருள்ள பூசணம். மீதியில் அதே மண், அதே வேர்த்துணுக்கு, ஆனால் நீராவியில் வேகவைத்து உயிர் போனது. நான் இல்லாத நேரத்தில் சார் ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணை மட்டும் எழுதினார். எந்த எண் எது என்பதைத் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, பூட்டிவைத்தார். எனக்கும் தெரியாது.

அதைப் பேச்சியம்மாளிடம் மறைக்கக் கூடாது என்பதில் சார் உறுதியாக இருந்தார். நடவன்று கூடையை இறக்கியதுமே சொன்னார்.

"இதுல பாதி செத்த மண்ணும்மா. எதுன்னு எனக்கு மட்டும் தெரியும். நான் போடப் போறதில்ல, நீங்கதான் போடணும். உங்களுக்கு மனசு ஒப்பலைன்னா இப்பமே சொல்லிருங்க, திருப்பி எடுத்துட்டுப் போயிருதேன்."

பேச்சியம்மாள் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்தார். இன்னொன்றையும் எடுத்து இரண்டு கையிலும் நிறுத்துப் பார்த்தார்.

"எங்கண்ணுக்கு எல்லாம் ஒண்ணுதான?"

"ஒண்ணுதான்."

"இந்தத் தாயிக்கும் தெரியாதா?"

"எனக்கும் தெரியாது," என்றேன்.

"அப்பம் சரி. தெரிஞ்சு பரிமாறினாத்தான் வஞ்சன. தெரியாமப் பரிமாறினா அது அவன் விட்ட வழி." கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். "ஆனா ஒண்ணு அய்யா. எல்லாம் முடிஞ்சதும் எதுக்குக் கெடைக்கலன்னு எனக்குச் சொல்லணும்."

இந்தமுறை கடைசிக் குழி வரைக்கும் நான் கூடவே நின்றேன்.

மார்கழியில் வேர் எடுத்து, சாயமேற்றி, எண்ணி முடித்தேன். சார் உறையைக் கிழித்தார். உயிருள்ள பூசணம் போன வரிசைகளில் முடிச்சு தெளிவாகக் குறைவு. ஒரு மூலையில் மட்டுமல்ல, நிலத்துண்டு முழுக்க. அவர் கணக்கை இரண்டுமுறை கூட்டிப் பார்த்தார். பிறகு பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பென்சிலால் அந்த ஒரு வரியை எழுதினார். சுழிக்கிற பென்சிலால் அவர் எழுதியதை அன்று மட்டும்தான் பார்த்தேன்.

முடிவைச் சொல்ல ஏரலுக்குப் போனோம். பூசணத்துக்குப் பலன் இருக்கிறது என்று இப்போது நிச்சயமாக எழுதித் தரலாம் என்று சார் சொன்னபோது சுடலைமுத்து கும்பிட்டார். பேச்சியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். எந்த வரிசை நன்றாக வந்தது என்று கேட்கவில்லை.

"கெடைக்காத வரிச எது?" என்றார்.

நான் தாளைப் பார்த்து வரிசை வரிசையாகக் காட்டினேன். அவர் அங்கே குவித்திருந்த எருவில் ஒரு கூடை அள்ளிக்கொண்டு, நான் காட்டிய முதல் வரிசைக்குப் போய்க் குனிந்தார்.